உன் கழுத்துக் கயிற்றில் நான் போட்ட முடிச்சு

என் சண்டைக்காரி தனம் அக்காவுக்கு,

உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. நீ இருந்த காலத்தில் எதையும் எழுதிச் சொல்ல வேண்டிய தேவை நமக்கு வந்ததில்லை. றக்வானையில் என் ரிப்பேர்க் கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் உன் வாசலில் நின்று சண்டை பிடிக்கலாம். இப்போது சண்டை பிடிக்க ஆளில்லாமல் எழுதுகிறேன்.

ஊர் பார்க்கத்தான் எழுதுகிறேன். உன் தோட்ட லயத்தில், வரிசையான ஒற்றைக் காம்பரா வீடுகளில் இருக்கிற பதினான்கு குடும்பமும் இதைப் படிக்கட்டும். உன் வீட்டுக்காரரான மச்சானையும் என்னையும் தவிர வேறு யாருக்கும் தெரியாத ஒன்று இதற்குள் இருக்கிறது. அதை அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலில் செய்திகள். உன் தையல் மெஷினை யாரும் தொடவில்லை. உன் பழைய சேலை ஒன்றைப் போர்த்தி மூலையில் வைத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்காவின் பின்சுவரில் நீ விரல் வைத்துக் காட்டிய கீறல் இப்போது கூரைத் தகரம் வரைக்கும் போய்விட்டது. மலைத் தண்ணீரைத் திருப்பிவிடுகிற மேல் கான் திரும்பவும் மண் அடைத்துக் கிடக்கிறது. நீ போனதிலிருந்து அதை யாரும் வெட்டவில்லை, ஆபீஸில் கேட்டால் ஆள் இல்லை என்கிறார்கள். உனக்குக் கோபம் வருகிறதா? வரட்டும். நான் மட்டும் ஏன் தனியாகக் கோபப்பட வேண்டும்?

உன் லெப்டொப்பும் இருக்கிறது. வெள்ளி நிறத்தில், மெலிந்து, பார்க்க அழகாக. இப்போது அதில் நிறைய இடம் இருக்கிறது அக்கா. 

அது உனக்கு வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம். தோட்டத்துப் பெண்களுக்குக் கணினிப் பயிற்சி என்று வெளியிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. மூன்று மாதம் நடத்தினார்கள், கடைசி நாளில் ஆளுக்கொன்று கையில் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நீ அன்று எனக்குப் போன் பண்ணினாய். "டேய், எழுதுற கொப்பி மாதிரி இருக்குடா. ஒரு கையால தூக்கலாம்" என்றாய். அவ்வளவு சந்தோஷமாக நீ பேசி நான் கேட்டது குறைவு.

மறுநாள் வந்து திறந்து பார்த்தேன். அறுபத்துநான்கு ஜிபி. அதில் பாதிக்கு மேல் விண்டோஸே உட்கார்ந்திருந்தது. இதை வைத்துக்கொண்டு ஒரு மனுஷி என்ன செய்வாள் என்று கொடுத்தவர்கள் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். படத்தில் நன்றாகத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள்.

நான் விளக்கியதும் நீ சிரித்தாய். "இதுவும் நம்ம காம்பரா மாதிரிதான்டா. வெளிய பெயின்ட் அடிச்சிருக்கு, உள்ள கால நீட்ட எடமில்ல" என்றாய்.

அந்த வருஷ மழையில்தான் லயத்துக்கு மேலே தேயிலைக்குள் நிலம் வெடித்தது. விரல் அகல வெடிப்பு, லயத்தின் நீளத்துக்குப் போயிருந்தது. மண்சரிவு பார்க்கிற அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். பிறகு தோட்ட ஆபீஸுக்குப் போனார். திரும்பி வந்தவர், இது பழைய வெடிப்பு, பல வருஷமாக அசையவில்லை என்று ஆபீஸில் சொல்கிறார்கள் என்றார். அசையாத வெடிப்புக்காக வேறு இடத்தில் காணி தரச் சொல்லி அவர் எழுத முடியாதாம்.

அது அசைகிறது என்று நீ சொன்னாய். "சாக்ஷி தியெனவத?" என்று அவர் கேட்டார். சாட்சி இருக்கிறதா என்று மரியாதையாகத்தான் கேட்டார். நீயும் சிங்களத்திலேயே, நீங்கள் அடுத்த முறை வரும்போது இருக்கும் என்று பதில் சொன்னாய். நான் பக்கத்தில்தான் நின்றேன். இவளுக்கு ஏன் இந்த வேலை என்று நினைத்தேன்.

அன்றைக்கே வெடிப்பின் இரண்டு பக்கத்திலும் இரும்புக் கம்பியை முளையாக அடித்தாய். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் தைக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு போய், இரண்டு கம்பிக்கும் நடுவே அளந்து கொப்பியில் எழுதினாய். முதல் நாள் இருபது அங்குலம். சில மாதம் கழித்து அந்தக் கொப்பியை ஆபீஸில் காட்டினாய். கிளார்க் ஒரு பக்கத்தைப் புரட்டிவிட்டு, "கொப்பியில யாரும் எதையும் எழுதலாந்தானே" என்றார்.

வேறு யாராவது என்றால் அத்தோடு விட்டிருப்பார்கள். நீ அடுத்த ஞாயிறிலிருந்து வீடியோ எடுக்க ஆரம்பித்தாய்.

நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுத்தாய். முதலில் உன் முகம், தேதி, மழையா வெயிலா என்று. பிறகு கீழே லயத்தின் கூரைகள். பிறகு வெடிப்பு, கம்பி, டேப், அங்குலம். மறுபடி உன் முகம். நடுவில் நிறுத்தினால் வெட்டி ஒட்டியது என்பார்கள் என்று உனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நீயே யோசித்தாய். டேப்பின் மறுமுனையை மச்சான் ஒரு மாதம் பிடித்தார். பிறகு, "கெழம முழுக்க தேயில கவ்வாத்து வெட்டிட்டு வாரேன், ஞாயித்துக்கெழமயாவது மனுசன படுக்க விடு" என்று சொல்லிவிட்டார். நீ ஊக்கு ஒன்றால் டேப் நுனியைக் கம்பியில் மாட்டிவிட்டுத் தனியாக அளந்தாய்.

மூன்று ஞாயிறில் உன் போன் நிரம்பியது. லெப்டொப்பில் போட்டாய். கொஞ்ச நாளில் அதுவும் நிரம்பியது. சிவப்புக் கோட்டைக் காட்டிக்கொண்டு நின்றது. எனக்குப் போன் வந்தது.

"நீ ரிப்பேர்க்காரன்தானே, இதுக்கு எடம் பண்ணிக் குடு."

ஸ்குரூ டிரைவரோடு வந்தேன். பழைய தடித்த மெஷின் என்றால் அடியைக் கழற்றி, உள்ளே இருக்கிற டிஸ்க்கை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்றைப் போட்டுவிடலாம், பத்து நிமிஷ வேலை. இது மெலிதாக இருக்க வேண்டும் என்பதற்காக எல்லாவற்றையும் போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருந்தார்கள். கூடுதலாக ஒன்றை மாட்டலாம் என்றால் அதற்கு உள்ளே ஓர் இடமும் விடவில்லை. பத்து ஸ்குரூவைக் கழற்றி, பத்து ஸ்குரூவைத் திரும்பப் பூட்டினேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு தெரிந்த வித்தையை எல்லாம் காட்டினேன். பழைய அப்டேட் விட்டுப்போன குப்பையை அழித்தேன். மெஷின் தூங்குவதற்கென்று அது தனக்கு ஒதுக்கி வைத்திருந்த இடத்தைப் பிடுங்கினேன். யாரும் விளையாடாத விளையாட்டுகளைத் தூக்கினேன். சில ஜிபி தேறியது. இரண்டு வாரத்தில் புதிய அப்டேட் ஒன்று வந்து, அவ்வளவையும் தின்றுவிட்டு இன்னும் இடம் வேண்டும் என்று கேட்டது. இணையத்தில் ஏற்றி வைக்கலாம் என்று பார்த்தோம். உங்கள் தோட்டத்தில் கோயில் வளைவில் மட்டும்தான் சிக்னல். ஒரு வீடியோ பாதி ஏறுவதற்குள் அறுந்தது.

கடைசியில் என் கடையிலிருந்து ஒரு மெமரி கார்ட் கொண்டுவந்தேன். சுண்டுவிரல் நகம் அளவு, நூற்றிருபத்தெட்டு ஜிபி. லெப்டொப்பை விட இரண்டு மடங்கு இடம். நீ அதை உள்ளங்கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாய்.

அப்போது நான் சொன்னதை எழுதித்தான் ஆக வேண்டும். "கொப்பி பண்ணாத, கட் பண்ணி கார்டுல போடு. கொப்பி பண்ணினா லெப்டொப்புலயும் அப்புடியே கெடக்கும், எடம் வராது." தொழில் தெரிந்தவன் சொன்ன புத்தி அது.

"எல்லாத்தயும் ஒரே எடத்துல வச்சா பயமில்லயாடா?" என்று கேட்டாய். தொழில் தெரியாதவள் கேட்ட கேள்வி.

அடுத்த மாதம் ஹார்ட் டிஸ்க் ஒன்று கொண்டுவருகிறேன், அதிலும் ஒரு பிரதி போட்டு வைக்கலாம் என்றேன். எந்த வருஷத்து அடுத்த மாதம் என்று நீ கேட்கவில்லை. நான் கொண்டுவரவும் இல்லை. ஒவ்வொரு முறை வரும்போதும் மறந்துவிட்டேன் அக்கா. காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், அதற்கு மேல் எதுவும் இல்லை. மறந்துவிட்டேன்.

ஒரு தடவை கார்ட் காணாமல் போனது. இரண்டு நாள் தேடி, தரை வெடிப்புக்குள் கிடந்ததை ஊசியால் கிளறி எடுத்தாய். அதற்குப் பிறகு நான் கேட்டபோது, "வைக்க எடம் பாத்துட்டேன்" என்றாய். எங்கே என்றேன். "ஒனக்கெதுக்கு? பத்திரமா இருக்கு. பத்துக்குப் பன்னெண்டு காம்பராவுல எங்க வச்சாலும் நாலு பேரு கை படும். கை படாத எடத்துல வச்சிருக்கேன்."

அதே நாட்களில்தான் உன் கழுத்தில் தாயத்தைப் பார்த்தேன். கறுப்புத் துணியில் சதுரமாகத் தைத்து, கறுப்புக் கயிற்றில் கோத்தது. நீ மேட்டில் தனியாகப் போய் நிற்கிறாய், காத்துக் கறுப்பு அண்டக்கூடாது என்று மச்சான் பூசாரியிடம் மந்திரித்து வாங்கி வந்தது. கொடுத்த புதிதில் இரண்டு நாள் கட்டிவிட்டுக் கழற்றி எறிந்திருந்தாய். இப்போது குளிக்கும்போதும் கழற்றவில்லை.

நான் விடுவேனா? "நீயா தாயத்து கட்டியிருக்க? மச்சான் சொன்னா எதிர்த்துத்தானே நிப்ப, இப்ப மட்டும் என்ன பக்தி?" என்று கேலி பண்ணினேன். நீ தாயத்தைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கே ஒரு நிமிஷம் யோசித்திருக்கக் கூடாதா நான்?

மறுபடியும் மழை வந்தது. மேல் கான் அடைத்து, தண்ணீர் நேராக வெடிப்புக்குள் இறங்கியது. ஆபீஸுக்கு இரண்டு முறை போய்ச் சொன்னாய். மூன்றாம் முறை சொல்லப் போகாமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனாய். வெறுங்காலோடு, முழங்கால் தண்ணீரில் இரண்டு நாள் நின்று கான் வெட்டினாய். அடுத்த வாரம் காய்ச்சல். மழையில் நனைந்த காய்ச்சல் என்று குளிசை போட்டுக்கொண்டு தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாயாம். கண் மஞ்சளாகிச் சிறுநீர் நின்ற பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். எலிக்காய்ச்சல். இரத்தினபுரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது டாக்டர், இன்னும் நாலு நாள் முந்தி வந்திருக்க வேண்டும் என்றார்.

வார்டில் உன்னைப் பார்க்க விட்ட கடைசி நாள் உனக்கு நினைவிருக்கிறதா? மூக்கிலும் வாயிலும் மாஸ்க். கழுத்தைத் தடவித் தடவித் தேடினாய். நர்ஸ் அதைக் கழற்றி எடுத்து வைத்திருந்தார். "கயிறு... கயிறு எங்கடா?" என்றாய். பத்திரமா இருக்கு என்றேன். "நீ வாங்கி வச்சுக்க. விட்றாத" என்றாய்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சாமி இருக்கு அக்கா, பயப்படாத" என்றேன். நீ தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாய். நோவு தாங்காமல் ஆட்டுகிறாய் என்று நினைத்தேன். நீ என்னிடம் கடைசியாகப் பேசியது அது, நான் கடைசியாகப் பதில் சொன்னது இது. சாமி இருக்காம்.

மறுநாள் உன் பொருட்களை ஒரு கவரில் போட்டு என்னிடம்தான் கொடுத்தார்கள். இரண்டு தோடு, ஒரு தாயத்து. தாயத்தை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உன்னோடு வண்டியில் வந்தேன். இரத்தினபுரியிலிருந்து தோட்டம் வரைக்கும் வழி முழுவதும் அது என் நெஞ்சோடு இருந்தது. பெருவிரலால் அதைத் தடவிக்கொண்டே வந்தேன். உள்ளே தட்டையாக, கெட்டியாக, சதுர மூலையோடு ஏதோ இருந்தது. மந்திரத் தகடு என்று நினைத்தேன். தினமும் கடையில் இருபது கார்டைத் தொடுகிற விரல் இது.

பெண்கள் உன்னைக் குளிப்பாட்டி முடித்தார்கள். தோட்டை உன் மகள் சின்னவளுக்கென்று மச்சான் எடுத்து வைத்தார். தாயத்தை என்ன செய்வது என்று பாக்கியம் அக்கா கேட்டார். "எந்நேரமும் அவ கழுத்துல கெடந்ததுங்க. மந்திரிச்சத வீட்டுல வச்சா ஆகாது. அவளோடயே போகட்டும்" என்று மச்சான் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன். கயிறு எங்கே என்று நீ கழுத்தில் தேடியதும் அதற்குத்தானே என்று நினைத்தேன்.

பிறந்த வீட்டுக் கோடி போட வந்தவன் நான்தான். கோடிச் சேலையை உன்மேல் போர்த்துவதற்கு முன்னால், அந்தக் கயிற்றை நானே உன் கழுத்தில் கட்டினேன். அவிழ்ந்துவிடக் கூடாது என்று இரட்டை முடிச்சுப் போட்டேன். தாயத்தை உன் சட்டைக்குள் தள்ளிவிட்டேன். பெட்டியை மூடினார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் அந்த மண்சரிவு அதிகாரியிடமிருந்து கடிதம் வந்தது. திரும்ப வருகிறாராம், சாட்சி இருந்தால் தயாராக வைக்கச் சொன்னார். லயமே சந்தோஷப்பட்டது. தனம் எடுத்த வீடியோ இருக்கிறதே, ஒரு ஞாயிறு தப்பாமல் எடுத்தாளே என்று என்னிடம் வந்தார்கள். நான் லெப்டொப்பைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. போனில் ஒன்றும் இல்லை. என் புத்திமதியைக் கேட்டு எல்லாவற்றையும் சுத்தமாக வழித்து கார்டில் போட்டிருந்தாய். அழிந்ததைத் தேடி எடுக்கிற மென்பொருள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். அந்த மெலிந்த மெஷின் தான் அழித்ததைத் தானே துடைத்தும் வைத்திருந்தது.

காம்பராவை இரண்டு நாள் தலைகீழாகப் புரட்டினேன். அரிசி டின், சாமிப் படத்தின் பின்புறம், தலையணைப் பஞ்சு, தரை வெடிப்பு. கடைசியாகத் தையல் மெஷின் இழுப்பறையில் நூல்கட்டை வைக்கிற டின்னைத் திறந்தேன். பொபினுக்கு அடியில் ஒரு செப்புத் தகடு கிடந்தது. சதுரமாக, மெலிதாக, மேலே கட்டம் கீறி எழுத்துப் போட்டது. பூசாரி கொடுத்த தகடு.

கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். தகடு இங்கே இருந்தால், உன் கழுத்தில் நான் கட்டிய துணிக்குள் இருந்தது என்ன?

 என் பெருவிரலுக்கு அப்போதுதான் தெரிந்தது. உன்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சொல்லியிருக்கக் கூடாதா அக்கா? தையல் பிரித்துத் தகட்டை எடுத்துவிட்டு கார்டை வைத்துத் தைத்தேன், ஒவ்வொரு ஞாயிறும் பிரித்துத் தைக்கிறேன் என்று ஒரு வார்த்தை? நான் கேலி பண்ணின அன்றைக்குச் சொல்லியிருந்தால் போதுமே. மச்சான் மனசு நோகும் என்று மறைத்தாயா, இல்லை, இந்த வாயாடி தம்பி ஊர் முழுக்கச் சொல்லிவிடுவான் என்றா?

மச்சானிடம் மட்டும் சொன்னேன். தகட்டைக் காட்டினேன். அதை வெகுநேரம் பார்த்தார். தான் வாங்கிக் கொடுத்ததை நீ பிரித்துப் போட்டாய் என்பது ஒரு அடி, கட்டச் சொன்னதே தான்தான் என்பது இன்னொரு அடி. மண்ணுக்குள் இருந்தாலும் கார்ட் கெட்டிருக்காது, நீ பொலித்தீன் சுற்றாமல் தைத்திருக்க மாட்டாய் என்றேன். கிராம சேவகரிடம் விசாரித்ததையும் சொன்னேன். கணவர் கையெழுத்து வைத்து மனுக் கொடுத்தால், நீதவான் உத்தரவோடு தோண்டலாமாம்.

"அவள தோண்டணும்னா மொதல்ல என்னய அவ பக்கத்துல பொதைச்சிட்டுத் தோண்டு" என்றார். சத்தம் போடவில்லை. அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

அதிகாரி வந்தார். நான் பொய் சொன்னேன். கார்ட் தொலைந்துவிட்டது என்று சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், உண்மையாகத்தான் வருத்தப்பட்டார். சாட்சி சமர்ப்பிக்கப்படவில்லை என்று எழுதினார். இன்றிலிருந்து புதிதாக அளந்து, ஒரு வருஷத்து வீடியோவோடு வாருங்கள் என்றார். ஒரு வருஷம் மலை காத்திருக்குமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. மழை எச்சரிக்கை வந்தால் உன் சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள், வெயில் வந்தால் அதே வெடிப்புக்குக் கீழே வந்து படுக்கிறார்கள்.

என் பொய்க்கு என்ன விளைந்தது என்று கேள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் கொழுந்துக் கூடையோடு நின்றவர்கள் பேசுகிறார்கள். "வீடியோ எடுத்தாளா இல்லயா, யாருக்குத் தெரியும்? போனத் தூக்கிக்கிட்டு மேட்டுக்குப் போயி வந்தா, அவ்வளவுதான்." இன்னொருத்தி, "கெட்டிக்காரின்னு பேரெடுக்க அலைஞ்சா" என்றாளாம். யாருக்காக நீ எலித் தண்ணீரில் நின்றாயோ அவர்கள் வாய் இது.  ஆனால் அந்த வார்த்தையை அவர்கள் வாயில் எடுத்துக் கொடுத்தவன் நான்தானே? தொலைந்துவிட்டது என்று நான் சொல்லாவிட்டால் அவர்கள் ஏன் அப்படிப் பேசப் போகிறார்கள்?

அதனால்தான் இதை ஊர் பார்க்க எழுதுகிறேன். படிக்கிறவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். அவள் எடுத்தாள். நூறு ஞாயிறுக்கு மேல் எடுத்தாள். எதையும் தொலைக்கவில்லை. உங்கள் பதினான்கு கூரையையும் கழுத்தில் கட்டிக்கொண்டுதான் படுத்திருக்கிறாள். கட்டிவிட்டவன் நான்.

போன ஞாயிறு உன் கொப்பியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். உன் கம்பிகள் இரண்டும் நிற்கின்றன, ஊக்குத் துருப்பிடித்து அதே இடத்தில் தொங்குகிறது. போனைப் பிடிப்பதா, டேப்பைப் பிடிப்பதா என்று தடுமாறிக்கொண்டிருந்தேன். பின்னால் யாரோ வரும் சத்தம். மச்சான். குனிந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக் கம்பியில் வைத்தார்.

உன் கையெழுத்தில் கடைசி வரி இருபத்து மூன்றரை. என் டேப்பில் இருபத்தேழு. நான் தப்பாகப் படிக்கிறேன் என்று மச்சான் தானே வந்து குனிந்து பார்த்தார். கொப்பியை வாங்கி முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார்.

"ரெண்டரை வருசத்துல போனது மூணு மாசத்துல போயிருக்கு" என்றார்.

இதைக் கொண்டுபோய்க் காட்டினால் கம்பியைப் பிடுங்கி அடித்திருக்கிறீர்கள் என்பார்கள் என்று நான் சொன்னேன். அவர் கீழே கூரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். சின்னவள் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். உன் சமாதி அந்தப் பக்கத்துத் தேயிலைக்குள், மேட்டிலிருந்து பார்த்தால் செம்மண் இன்னும் தெரிகிறது. அவர் அங்கே பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது, நான் பார்த்தேன்.

டேப்பைச் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார். "அந்த பேப்பர்ல நான் எங்கடா கையெழுத்து வைக்கணும்?"

நாளை மனுவைக் கொடுக்கிறோம் அக்கா. உத்தரவு கிடைக்குமா, தெரியாது. கிடைத்தாலும் கார்ட் திறக்குமா, தெரியாது. திறந்தாலும் குழிக்குள்ளிருந்து எடுத்த சாட்சி செல்லாது என்று ஒரு கிளார்க் சொல்லமாட்டார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. உன்னைக் குழியிலிருந்து எழுப்பினவன் என்று ஊர் என் முகத்தில் துப்பலாம். நீயும்கூடத் திட்டலாம். திட்டிக்கொள்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். உன்னைத் தொட வேறு யாரையும் விடமாட்டேன். குழிக்குள் நானே இறங்குவேன். அந்த இரட்டை முடிச்சு நான் போட்டது, என் கையாலேயே அவிழ்ப்பேன். மேலே ஏறி வந்து முதல் வேலையாக மூன்று பிரதி எடுப்பேன். அதற்கு ஹார்ட் டிஸ்க் வாங்கிவிட்டேன் அக்கா. என் பையில்தான் இருக்கிறது, மறக்காமல்.

கயிறு எங்கே என்று நீ கேட்டபோது புரியாமல் போன,
உன் தம்பி